எந்த ஜப்பானைக் காட்டுகிறீர், ஐயா?

"ஜப்பானைப் பாருங்கள்! பழமையைப் போற்றிக்கொண்டே புதுமையின் உச்சியிலே நிற்கிறது. முன்னோர் வகுத்த முறையிலே ஒன்றையும் முறிக்காமல் முன்னேறிய நாடு அது. இங்கேயோ, ஏறும் ஏணியையே எட்டி உதைக்கச் சொல்கிறார்கள் சில இளைஞர்கள்!"

சென்ற திங்கள் எங்கள் ஊர் நூலகத்து ஆண்டு விழாவிலே, சிறப்புப் பேச்சாளராக வந்த பெரியவர் இவ்விதம் முழங்கினார். கூட்டம் கை தட்டிற்று. என் பக்கத்திலே அமர்ந்திருந்த என் மாணவர் இருவரும் தட்டினர். அவர்களைக் குறை கூற மாட்டேன். சொல்லிய முறை அத்துணை இனிமை. அழுக்குத் துணிக்கு அத்தர் தெளித்ததுபோல, அடிமைத்தனத்துக்கு ஜப்பான் என்ற நறுமணத்தைத் தெளித்துவிட்டுப் போனார் அந்தப் பெரியவர்.

வீட்டுக்கு வந்தேன், உறக்கம் வரவில்லை. மறுநாள் அதே நூலகத்துக்குச் சென்று ஜப்பான் நாட்டு வரலாறு பற்றிய ஏடுகளை எடுத்து வந்தேன். மூன்று கிழமைகள் படித்தேன். வகுப்பிலே 1868 என்ற ஆண்டைக் கரும்பலகையிலே எழுதி, "மெய்ஜி மறுமலர்ச்சி" என்று சொல்லி, அடுத்த பாடத்துக்குத் தாவுகிறவன்தான் நானும். அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதைப் படித்தபோது, பெரியவர் காட்டிய ஜப்பானை எந்த ஏட்டிலும் காணேன்!

பழைய ஜப்பான் எப்படி இருந்தது? 1603ஆம் ஆண்டு தோக்குகாவா இயேயாசு என்பார் ஷோகன் பட்டம் ஏற்றார். ஷோகன் என்றால் படைத்தலைவர். ஆனால் நாட்டை ஆண்டவர் அவரே. அவருக்கு அடங்கி, ஏறத்தாழ 260 டைமியோக்கள், அதாவது சிற்றரசர்கள். அவர்களுக்குக் கீழே இரட்டை வாள் தாங்கிய சாமுராய்கள். அடுத்து உழவர், அதற்கடுத்துக் கைவினைஞர், கடைசியிலே வணிகர். பிறந்த படியிலேயே பிழைத்து அதே படியிலேயே சாக வேண்டும். விளைச்சலிலே ஏறக்குறைய பாதியை வரியாக அளந்து கொடுத்த உழவனுக்கு ஏட்டளவிலே இரண்டாவது இடம்! "நீ வணிகனைவிட உயர்ந்தவன்" என்று சொல்லி, அவன் நெல்லை வாரிக்கொண்டு போனார்கள். பட்டம் கொடுத்துப் பானையைக் காலி செய்யும் வித்தை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமன்று போலும்.

தன்னை அவமதித்த குடியானவனை வெட்டி வீழ்த்தச் சாமுராய்க்கு உரிமை உண்டு. குடியானவன் தன் பெயரோடு குடும்பப் பெயரை ஊரறியச் சூடிக்கொள்ள உரிமை கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்தக் கோயிலிலே பதிவு செய்துகொண்டு, "நாங்கள் கிறித்தவர் அல்லோம்" என்று சான்று பெற வேண்டும். மதகுரு மந்திரமும் ஓதினார், மணியக்காரர் வேலையும் பார்த்தார்!

இந்த நான்கு படிகளுக்கும் கீழே, படியென்றே எண்ணப்படாத பள்ளத்திலே, மேலும் சிலர் இருந்தனர். இறந்த மாட்டின் தோலை உரித்தவர், பதனிட்டவர், தண்டனைக் களத்திலே பணி செய்தவர். "எத்தா" என்று அவர்களுக்குப் பெயர். அந்தச் சொல்லை எழுதும் சித்திர எழுத்துகளுக்கு, "அழுக்கு நிறைந்தது" என்று பொருள். "ஹினின்" என்று மற்றொரு கூட்டம். அதற்குப் பொருள் "மனிதர் அல்லாதார்". சாமுராயின் கவசத்துக்குத் தோல் வேண்டும், குதிரைச் சேணத்துக்குத் தோல் வேண்டும், தோலைத் தந்தவன் மட்டும் தீட்டு! முன்னோர் வகுத்த முறை என்று பெரியவர் பூரித்தாரே, அந்த முறை இதுதான்.

இந்த அமைப்பு எப்படிச் சரிந்தது? 1853ஆம் ஆண்டு அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு கருங்கப்பல்களோடு வந்து பீரங்கியைக் காட்டினார், அதனால் கதவு திறந்தது என்று ஒரே வாக்கியத்திலே முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால், கப்பல் வருமுன்பே வீடு செல்லரித்திருந்தது. டைமியோக்கள் வணிகரிடம் கடன்பட்டுக் கிடந்தனர். சாமுராய்களிலேயே கீழ்த்தட்டினர், அறிவிருந்தும் உயர வழியின்றிப் பொருமிக் கொண்டிருந்தனர். அண்டையிலே சீனப் பேரரசு, 1842இலே அபினிப் போரில் ஆங்கிலேயரிடம் தோற்றுத் தலைகுனிந்த செய்தி அவர்கள் உறக்கத்தைக் கெடுத்தது. கருங்கப்பல் கதவைத் தட்டியபோது, உள்ளிருந்தே தாழைத் திறக்கப் பல கைகள் காத்திருந்தன.

1868இலே ஷோகன் ஆட்சி முடிந்தது. அவ்வாண்டு வெளியிட்ட ஐந்து உறுதிமொழிகளிலே புதிய ஆட்சியினர் என்ன சொன்னார்கள்? பழைய தீய வழக்கங்களைக் களைவது என்றும், அறிவை உலகெங்கும் சென்று தேடுவது என்றும் சொன்னார்கள். பழமையைப் பாதுகாத்தார்களாம்! முதலாண்டிலேயே, பழையன கழிதலை அரசின் கொள்கையாகப் பறைசாற்றியவர்கள் அவர்கள்.

சொல்லோடு நின்றார்களா? 1870இலே குடியானவனுக்குக் குடும்பப் பெயர் சூட உரிமை. 1871இலே டைமியோக்களின் ஆட்சிப் பகுதிகள் அனைத்தும் ஒரே ஆணையிலே ஒழிப்பு. அதே ஆண்டிலே படி விட்டுப் படி மணம் செய்துகொள்ள இசைவு. 1872இலே எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி என்ற கல்விச் சட்டம். 1873இலே உழவன் மகனும் படைவீரன் ஆகலாம், ஆகியே தீர வேண்டும் என்ற கட்டாயப் படைச் சட்டம். 1876இலே சாமுராயின் இடுப்பு வாளுக்குத் தடை! ஆயிரம் ஆண்டு அடையாளம் என்று அணைத்து வைத்திருந்த வாளை, ஒரு துண்டுத் தாள் இறக்கி வைத்துவிட்டது. பொறுக்கவில்லை பழமையாளர்க்கு. 1877இலே சத்சுமா நாட்டிலே, சைகோ தகமோரி என்ற மாவீரரின் தலைமையிலே வாளேந்திக் கிளம்பினர். அவர்களை வென்றது யார்? சாமுராய் எவரை மனிதராக மதிக்க மறுத்தானோ, அந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த புதுப்படை! ஏணியை உதைக்காத நாடாம் ஜப்பான். ஏணியை உதைத்தது மட்டுமா, அதை உடைத்து அடுப்புக்கு விறகாக்கிய ஆண்டுகள் ஐயா, அவை!

இந்த இடத்திலே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. புக்குசாவா யுக்கிச்சி. 1835இலே பிறந்தவர், நாக்கட்சு என்ற சிற்றரசிலே கீழ்த்தட்டுச் சாமுராய் ஒருவரின் மகன். தந்தையார் நூலறிவு மிக்கவர். ஆயினும் பிறந்த படி தாழ்ந்தது என்பதால் கணக்கு வேலையோடு காலம் கழித்து மறைந்தார். இந்தப் பிள்ளையைத் துறவியாக்க நினைத்தாராம் அவர். ஏன்? பக்தியாலா? இல்லை! புத்த மடம் ஒன்றிலேதான், தாழ்ந்த குடியிலே பிறந்தவனும் தலைவன் ஆகலாம் என்பதற்காக. தந்தையின் உள்ளத்திலே கிடந்த இந்த வேதனையை எண்ணி எண்ணி, பிரபுத்துவத்தைத் தன் தந்தையைக் கொன்ற பகைவனாகவே கருதி வெறுத்தார் யுக்கிச்சி. விளையாட்டிலே கூட, மேல்தட்டுச் சிறுவனிடம் பணிவுச் சொல் பேச வேண்டும். அவன் இவனை ஏகவசனத்திலே அழைப்பான். கோலிக் குண்டுக்கும் குலம் பார்த்த காலம்!

சிறுவனாய் இருந்தபோது அவர் செய்த ஒரு காரியத்தைத் தம் வாழ்க்கை வரலாற்றிலே அவரே எழுதியிருக்கிறார். தெய்வத்தின் பெயர் எழுதிய தாளை மிதித்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. பிறகு, உறவினர் வீட்டிலே இருந்த இனாரி தெய்வத்தின் சிறு கோயிலைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு கல். அதை எடுத்து எறிந்துவிட்டு, வழியிலே கிடந்த வேறொரு கல்லை வைத்து மூடினார். விழா நாள் வந்தது. ஊரார் மதுவைப் படைத்து, மேளம் கொட்டி, அந்தத் தெருக் கல்லை வணங்கினர். சிறுவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நின்றான். இதை நான் எட்டாம் வகுப்பிலே சொன்னபோது எழுந்த சிரிப்பொலி பக்கத்து வகுப்பு ஆசிரியரை வாயிலுக்கே வரவழைத்துவிட்டது.

அந்தச் சிறுவன்தான் பின்னர் டச்சு மொழி கற்று, அது உலகிலே செல்லாக்காசு என்று யோக்கோகாமா துறைமுகத்திலே கண்டதும் சோர்ந்து விடாமல் ஆங்கிலம் கற்று, 1860இலே அமெரிக்கா சென்று, திரும்பி வந்து கெய்யோ கல்விச்சாலையை வளர்த்து, மனிதரிடையே உயர்வு தாழ்வு பிறப்பால் அமைவதன்று, கல்வியால் விளைவது என்று இலட்சக்கணக்கானோருக்கு எழுதியவர். அவரிடமும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். அவர் நடத்திய நாளேட்டிலே 1885இல், கொரியாவையும் சீனத்தையும் பின்தங்கியவை என்று கைகழுவி, ஆசியாவை விட்டு வெளியேறச் சொல்லும் கட்டுரை வந்தது. தாழ்ந்த படியிலிருந்து ஏறியவர், ஏறிய பின் கீழே நின்ற அண்டை நாட்டாரை ஏளனமாய்ப் பார்த்த கதை அது. வழிபாட்டுக்குரிய தெய்வம் எதையும் நாம் தேடவில்லை. ஆகவே அவரிடம் கொள்ளத்தக்கதைக் கொள்வோம்.

பள்ளிச் சட்டம் பற்றி ஆசிரியன் என்ற முறையிலே ஒரு சொல். 1873இலே பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 28 பேர்தான் பள்ளிக்கு வந்தனர். பெண்களில் 15 பேர். கட்டணத்தையும் கட்டடச் செலவையும் ஏழை உழவன் தலையிலே கட்டினார்கள். சினமுற்றவர்கள் சில இடங்களிலே பள்ளியையே கொளுத்தினார்கள். 1900இலே கட்டணம் ஒழிந்தது. சில ஆண்டுகளிலேயே நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிற்று வருகை. கட்டணம் குறுக்கே நின்றபோது வராத பிள்ளை, அது விலகியதும் ஓடி வந்தது. "இவர்களுக்குப் படிப்பிலே நாட்டமில்லை" என்று உதடு பிதுக்குவோர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

சரி, பள்ளத்திலே கிடந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 1871இலே ஓர் ஆணை வந்தது. எத்தா, ஹினின் என்ற பெயர்கள் ஒழிக்கப்பட்டன. அவர்களும் இனிக் குடிமக்களே என்றது ஆணை. படித்தபோது மகிழ்ந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பியபோது மகிழ்ச்சி மறைந்தது.

வாளை இழந்த சாமுராய்க்கு, பரம்பரைப் படிக்கு ஈடாக, 1876இலே அரசுக் கடன் பத்திரம் கிடைத்தது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 17 கோடி யென்! தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து உண்டவனுக்கு, இனி உட்கார முடியாதே என்பதற்காக இழப்பீடு. தலைமுறை தலைமுறையாக மிதிபட்டவனுக்கு? ஒரு காலணா இல்லை! இருந்ததும் போயிற்று. தோல் தொழில் அவர்களுக்கே உரியது என்ற பழைய காப்பு நீங்கிற்று. பணம் படைத்தோர் அத்தொழிலிலே புகுந்தனர். நிலவரி விலக்கும் நீங்கிற்று. தீட்டை மட்டும் யாரும் நீக்கவில்லை. சமம் என்று எழுதிய தாளைக் கையிலே கொடுத்தார்கள். வயலைக் கொடுக்கவில்லை, வைப்புப் பணம் கொடுக்கவில்லை.

அந்தத் தாளையும் பொறுக்காதவர் இருந்தனர். 1873இலே மிமசாக்கா பகுதியிலே உழவர் கிளர்ந்தெழுந்தனர். படைச் சட்டத்தின் மீது சினம், பள்ளிச் செலவின் மீது சினம். அவற்றிலே நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சினத்தை யார் மீது கொட்டினர்? புதிதாகக் குடிமக்களான மக்களின் சேரிகளிலே பாய்ந்தனர். முன்போல் எங்களைக் கண்டால் தரையிலே பணிவாயா என்று கேட்டு, மறுத்தவர் வீடுகளைக் கொளுத்தினர்; நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன; உயிர்களும் போயின. தனக்கு மேலே இருப்பவன் அடித்ததற்குத் தனக்குக் கீழே இருப்பவனை அடித்து ஆறுதல் தேடும் நோய்! இந்த நோய்க்குப் பெயர் சொல்ல நமக்கு அகராதி வேண்டாம்.

1872இலே எடுத்த குடும்பப் பதிவேட்டிலே, பல இடங்களில் இம்மக்களின் பெயருக்கு எதிரே "புதுக் குடிமகன்" என்று எழுதி வைத்தனர். மற்றவன் குடிமகன், இவன் புதுக் குடிமகன்! பழைய இழிசொல்லை வாயிலால் துரத்திவிட்டுப் புதிய இழிசொல்லைச் சாளரத்தால் அழைத்தனர். மணம் பேசுவோரும் வேலை கொடுப்போரும் அந்த ஏட்டைப் புரட்டிப் புரட்டிக் குலம் கண்டுபிடித்தனர். அந்த ஏடுகள் பூட்டி முத்திரையிடப்பட்டது 1968இலே.

இனி, பெரியவர் பெருமிதத்தோடு சொன்ன "பாதுகாத்த பழமை" என்னவென்று பார்ப்போம். ஒன்றைப் பாதுகாத்தார்கள், உண்மைதான். மன்னரைத் தெய்வமாக்கி மாடத்திலே வைத்தார்கள். அதுவும் பழமையா? ஷோகன் காலத்திலே மன்னர் கியோத்தோ நகரத்து அரண்மனையிலே, ஷோகன் அளந்த படியிலே வாழ்ந்தவர். ஊர் மக்கள் பலர் அவரை நினைத்தும் பாராதவர். 1868இலே பதினைந்து வயதுச் சிறுவராக இருந்த மன்னரை முன்னே நிறுத்தி, பின்னே நின்று ஆண்டனர் புதிய தலைவர்கள். அவ்வாண்டே புத்தரையும் ஷிந்தோ தெய்வங்களையும் பிரிக்க ஆணையிட்டனர். ஆயிரம் ஆண்டு ஒன்றாய் இருந்த வழிபாட்டை வெட்டிப் பிரித்ததிலே எத்தனையோ புத்தக் கோயில்கள் இடிந்தன. "சாமுராய் அறம்" என்று உலகம் வியக்கும் புஷிதோவை உலகுக்கு அறிமுகப்படுத்திய நூலும், 1900 வாக்கிலே, அமெரிக்காவிலே, ஆங்கிலத்திலே நித்தோபே எழுதி வெளிவந்தது! சாமுராய் என்ற வகுப்பே ஒழிந்த பிறகு! பழமை என்ற பெயரிலே விற்பனைக்கு வந்த பல சரக்குகளின் மை அப்போது காயக்கூட இல்லை.

1889ஆம் ஆண்டு அரசியல் சட்டம் மன்னரைப் புனிதர், தீண்டொணாதவர் என்றது. 1890இலே கல்வி பற்றிய மன்னர் ஆணை பள்ளிதோறும் வந்தது. அதைப் படிக்கும்போது தலை வணங்கி நிற்க வேண்டும். 1891 ஜனவரியிலே உச்சிமுரா கான்சோ என்ற ஆசிரியர் போதிய அளவு குனியவில்லை. கவனியுங்கள், குனியாமல் இல்லை. போதிய அளவு குனியவில்லை! வேலை போயிற்று. 1898இலே உவேடா நகரத்துப் பள்ளியிலே தீப்பிடித்து மன்னரின் படம் எரிந்தது. தலைமையாசிரியர் தற்கொலை செய்துகொண்டார். ஒரு தாள் எரிந்ததற்கு ஓர் ஆசிரியரின் உயிர்! தெருக் கல்லை வைத்துச் சிரித்த சிறுவன் பிறந்த நாட்டிலே, படத்துக்காக ஓர் ஆசிரியர் மாண்டார். இதையா ஐயா, எங்கள் மாணவர்கள் முன்னே மாலையிட்டு வைக்கச் சொல்கிறீர்?

அந்தத் தெய்வத்தின் பெயரால்தான் கொரியாவை 1910இலே விழுங்கினார்கள். 1931இலே மஞ்சூரியாவிலே பாய்ந்தார்கள். 1937இலே நான்கிங் நகரைக் குருதியிலே தோய்த்தார்கள். சொந்த நாட்டுப் பிள்ளைகளை வானூர்தியோடு சேர்த்து வெடிக்கச் சொன்னார்கள். 1945 ஆகஸ்டிலே ஹிரோஷிமாவும் நாகசாக்கியும் எரிந்தன. குண்டைப் போட்டவர்களின் கொடுமையை நான் மன்னிக்கவில்லை. ஆனால் தோல்வி உறுதியான பின்னும், மன்னர் பீடத்தைக் காக்க எண்ணிப் பணிய மறுத்து நாள் கடத்தினார்களே, அவர்களையும் மன்னிப்பதற்கில்லை. 1946ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளிலே, தம்மைத் தெய்வம் எனக் கருதுவது தவறான எண்ணம் என்று மன்னரே அறிக்கை விட்டார்.

அதன் பின்னர் நடந்தவற்றை அந்தப் பெரியவர் ஏன் சொல்லவில்லை? 1946 ஏப்ரலிலே பெண்கள் முதன்முறை வாக்களித்தனர். 39 பெண்கள் உறுப்பினராயினர். மெய்ஜி காலத்திலே குத்தகைக்காரனாகச் சிறுத்துப் போன உழவனுக்கு நிலச் சீர்திருத்தம் வயலைத் தந்தது; குத்தகை நிலம் நூற்றுக்கு 46 பங்கிலிருந்து ஏறத்தாழ 10 பங்காகச் சுருங்கிற்று. 1947 அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களை ஒழித்தது. குடும்பத் தலைவனின் ஆணைக்குக் குடும்பமே அடங்க வேண்டும் என்ற சட்டமும் அவ்வாண்டே ஒழிந்தது. இன்று உலகம் வியக்கும் வளமான ஜப்பான் இவற்றின் மேல் எழுந்தது. உதைக்க உதைக்க உயர்ந்தது; உதைக்காமல் விட்ட இடத்திலே எரிந்தது.

கடைசியாக ஒரு புதினம். 1906இலே ஷிமசாக்கி தோசோன் எழுதிய "ஹக்கை". கதைத் தலைவன் உஷிமத்சு ஓர் இளம் பள்ளி ஆசிரியன். அதனால்தான் என்னை இவ்வளவு தாக்கிற்றோ என்னவோ. ஒதுக்கப்பட்ட குலத்திலே பிறந்தவன். "எவரிடமும் குலத்தைச் சொல்லாதே" என்பது தந்தையின் கட்டளை. மறைத்து மறைத்து மனம் நைந்து, முடிவிலே வகுப்பிலே மாணவர் முன்னே உண்மையைச் சொல்கிறான். சொல்லிவிட்டு என்ன செய்கிறான்? மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான்!

அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன். எதற்கு ஐயா மன்னிப்பு? பிறந்ததற்கா? எழுதியவர் இரக்கம் உள்ளவர்தான். ஆனால் இரக்கம் அவன் முழங்காலைத் தரையிலிருந்து எழுப்பவில்லை. எழுப்பியவர் வேறு. 1922 மார்ச் 3இலே கியோத்தோ நகரத்து மண்டபத்திலே அந்த மக்களே கூடினர். "சுய்ஹெய்ஷா" என்ற அமைப்பைக் கண்டனர். சமன் செய்வோர் கழகம் என்று பொருள். அறிக்கையை வரைந்த சைக்கோ மன்கிச்சிக்கு வயது இருபத்தாறு. கொடி கருப்பு, நடுவே குருதிச் சிவப்பிலே முள்முடி. அனுதாபம் கேட்கவில்லை அவர்கள். நாங்கள் யாரோ அதற்காகப் பெருமை கொள்வோம் என்றனர்.

வென்றுவிட்டார்களா? 1975இலே ஒரு செய்தி வெடித்தது. அம்மக்கள் வாழும் ஊர்களின் பெயர்களைத் தொகுத்து இரகசியமாக அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். வேலைக்கு வருவோரின் குலத்தைக் கண்டறிய இருநூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதை விலை கொடுத்து வாங்கியிருக்கின்றன. மின்வண்டி பறந்த நாட்டிலே இது நடந்தது! அந்த வேற்றுமையை ஒழிக்கவென்றே 2016இலே மீண்டும் ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. முதல் ஆணைக்கு 145 ஆண்டுகள் கழித்து.

அடுத்த திங்களும் அந்தப் பெரியவர் எங்கள் நூலகத்துக்கு வருகிறார் என்று அறிவிப்புப் பலகையிலே எழுதியிருக்கிறார்கள். கை தட்டிய என் மாணவர் இருவரும் இந்த முறையும் வருகிறார்கள். "ஹக்கை" இப்போது அவர்களிடம்தான் இருக்கிறது. மண்டியிடும் பக்கத்திலே அடையாளத் தாள் வைத்து, பேச்சு முடிந்ததும் எழுந்து கேட்பதற்குக் கேள்வியும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக்கியிருக்கிறேன்.